குறி தவறிய அம்பு

ஜெர்மனியின் நடுப்பகுதியில், பீச் மரங்கள் ஓங்கி வளர்ந்த ஒரு மலைச்சரிவிலே, இலையுதிர்காலத்துக் காலைப்பொழுதொன்றில், எனக்கு 20 மீட்டருக்கு அப்பால் தலையைச் சற்றே திருப்பி என்னை நோக்கியவண்ணம் ஒரு ரே மான் நின்றுகொண்டிருந்தது. ரே மான் நம் புள்ளிமானைவிட மிகவும் சிறிய பிராணி. வளர்ந்ததன் எடையே 20 கிலோவுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். நாணைத் தாடை வரையில் இழுத்தேன், மூச்சை அடக்கினேன், விட்டேன். அம்பு மானின் முதுகுக்கு ஒரு சாண் மேலாகப் பறந்து, பின்னாலிருந்த சருகுப் பரப்புக்குள் நுழைந்து மறைந்தது. மான் அசையவில்லை. கெட்டியான நுரைப்பொருளில் வார்த்து வண்ணம் தீட்டப்பட்ட பொம்மை அது.

இரண்டாவது அம்பை எடுக்க என் கை தூணிக்குப் போயிற்று. எனக்கு வில்வித்தை கற்பித்துக்கொண்டிருந்த முதியவர் அந்தக் கையை மெல்லத் தடுத்து, முதலில் போனதைத் தேடி எடுங்கள், அடுத்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சருகுக்குள் போன அம்பைத் தேடுவதும் ஒரு வித்தையே என்பதை அன்றுதான் அறிந்தேன். அம்பு தரையில் செங்குத்தாகத் தைத்து நிற்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது சருகின் அடியிலே பாம்பு ஊர்வது போலத் தரையோடு தரையாக வழுக்கிச் சென்று முழுவதும் மூடப்பட்டுவிடுகிறது. மேலேயிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தென்படாது. எய்த இடத்துக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து அம்பு போன நேர்க்கோட்டைக் கண்ணால் பிடித்து, அந்தக் கோட்டின் வழியாகவே காலால் சருகைத் துழாவிக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வாறு நடந்து, இருபது நிமிஷங்களுக்குப் பிறகு, ஈரமான இறகு ஒன்று பாதத்தில் தட்டுப்பட்டது. நான் எதிர்பார்த்த இடத்துக்கு நான்கு காலடி இடப்புறமாக அது கிடந்தது. முதியவர் அந்த இடத்தையும் என் வலக்கை விரல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாணை விடும்போது கையை வெளிப்புறமாகப் பறித்துவிட்டீர்கள் என்றார். மானின்மேல் பட்டிருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பொம்மை மானை எய்வதற்குக் காரணம், உயிருள்ள மானை வில்லால் எய்ய ஜெர்மனியில் சட்டம் இடந்தராமையே. 1952இல் இயற்றப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்ட கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மான், காட்டுப்பன்றி முதலிய குளம்புடைய பிராணிகளின்மீது சிதறு ரவையையோ, குறுக்குவில்லின் கணையையோ, அம்பையோ செலுத்தலாகாது என்றும், காயம்பட்டுக் கிடப்பதை முடித்துவைப்பதற்குக்கூட அவற்றைப் பயன்படுத்தலாகாது என்றும் விதிக்கிறது. எல்லை தாண்டினால் நிலைமை வேறு. பிரான்சில் 1995 முதல் வில்வேட்டைக்கு அனுமதி உண்டு. டென்மார்க்கில் ரே மானை அம்பால் வேட்டையாடலாம். ஜெர்மனியிலோ, பெர்லினை ஒட்டிய கிளைன்மாஹ்னோ, ஸ்டான்ஸ்டோர்ஃப் ஆகிய ஊர்களில் தோட்டங்களைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளுக்கு எதிராக வில்லைக் கையாளலாமா என்று சில ஆண்டுகளுக்கு முன் பெரிய விவாதம் எழுந்ததே தவிர, சட்டம் மாறவில்லை. ஆகவே வில்வேட்டையில் ஆசையுள்ள ஜெர்மானியர், காட்டுக்குள் நுரைமான்களை நிறுத்தி அமைத்த பாதைகளில் பழகுகிறார்கள்.

இந்தத் தடை நியாயமானதா என்ற வழக்கைத் தீர்ப்பது இந்த நூலின் வேலையன்று. ஆனால் அம்பு எவ்வாறு கொல்கிறது, எவ்வாறு தவறுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, இரு தரப்பாரின் கவலையும் நன்கு விளங்கும்.

அதே சட்டம், ரே மானைச் சுடும் துப்பாக்கிக் குண்டுக்கு 100 மீட்டர் தொலைவிலும் குறைந்தபட்சம் 1000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும் என்றும், அதனினும் பெரிய மான்களுக்கு 2000 ஜூல் வேண்டும் என்றும் நிர்ணயித்திருக்கிறது. 30 கிராம் எடையுள்ள அம்பு வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் செல்லுமானால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 45 ஜூல்தான். குண்டு தன் ஆற்றலையெல்லாம் சரீரத்துக்குள் கொட்டித் திசுக்களைச் சிதைக்கிறது. அம்போ ஒரு கூரிய கத்தியைப் போல வழியில் உள்ள இரத்தக் குழாய்களை அறுத்துக்கொண்டு செல்கிறது. நுரையீரலும் இதயமும் அடங்கிய மார்புக்கூட்டின் ஊடே அது சென்றால், மூளைக்கு இரத்தம் எட்டாமல் பிராணி சில வினாடிகளில் விழுந்துவிடும். ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டாலோ, பல மணி நேரம் வேதனையோடு உயிர் ஊசலாடும். 45 ஜூலை வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தில் இடத்தைத் தவிர வேறு எதுவும் உதவிக்கு வராது. அந்த இடமோ, ரே மானிடத்தில், ஓர் ஆளின் விரித்த கையைவிடச் சற்றே பெரிது.

தூரத்தை மதிப்பிடுவதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. அம்பு நேராகச் செல்வதில்லை. நாணை விட்டுப் புறப்பட்ட கணமே பூமி அதை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. 20 மீட்டரை நமது அம்பு 0.36 வினாடியில் கடக்கிறது. அதற்குள் அது 65 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். 25 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழும். வில்லாளி இந்தத் தாழ்வை ஈடுசெய்யும் அளவுக்கு அம்பைச் சற்று மேல்நோக்கியே விடுகிறான். மான் 25 மீட்டரில் நிற்க, அதை 20 என்று எண்ணி எய்தால், அம்பு குறிக்கு 20 சென்டிமீட்டர் கீழே போய்ச் சேரும். அதாவது இதயத்தை நோக்கிய அம்பு மார்புக்கு அடியில் கால்களுக்கிடையே சென்றுவிடும். மாறாக, 20இல் நிற்பதை 25 என்று எண்ணினால் 16 சென்டிமீட்டர் உயரும். என் முதல் அம்பு முதுகுக்கு மேலே போனதற்கும் இதுவே முக்கியக் காரணம்: சரிவின் நிழலில் நின்ற மான், வெயிலில் நிற்பதைவிடத் தொலைவாக எனக்குத் தோன்றியிருந்தது. துப்பாக்கிக்காரனுக்கு இந்த ஐந்து மீட்டர் ஒரு பொருட்டே அன்று.

இங்கே அம்பைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வராத ஒரு விசேஷம் உண்டு. கண்ணுக்குக் கோல் போல நேராகத் தோன்றும் அம்பு, உண்மையில் மீன் நீந்துவது போல இடமும் வலமும் வளைந்து வளைந்து பறக்கிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலறிஞர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகத் திரைப்படக் கருவியால் இதைப் படம்பிடித்துக் காட்டினார். நாண் உந்தும்போது அம்பு வளைந்து, வில்லின் மரத்தை உரசாமல் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. வில்லின் வலிமைக்கேற்ற விறைப்பு அம்புக்கு இல்லாவிட்டால் இந்த வளைவு பொருந்தாது. எவ்வளவு தேர்ந்த கையாயினும் அம்பு விலகியே போகும். வில்லுக்கு ஏற்ற அம்பு என்ற பழைய பேச்சில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

நுரைமான் கற்பிக்காத பாடம் ஒன்று உண்டு. உயிருள்ள மானுக்குச் செவி இருக்கிறது. நாண் அதிரும் ஓசை வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் சென்று, 20 மீட்டரில் நிற்கும் மானை 0.06 வினாடியில் எட்டிவிடுகிறது. அம்பு வந்து சேர அதன்பின் 0.3 வினாடி ஆகும். திடுக்கிட்ட மான் முதலில் மேலே துள்ளுவதில்லை. துள்ளுவதற்காகக் கால்களை மடித்துக் கீழே தணிகிறது. ஓசையைக் கேட்டு அது தணியத் தொடங்குவதற்கு 0.1 வினாடி பிடித்தது என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய 0.2 வினாடியில், ஒரு கல் விழும் வேகத்திலேயே அதன் உடல் 20 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட இயலும். அம்பு சரியான இடத்துக்கே வருகிறது. அந்த இடத்தில் மான் இல்லை. துப்பாக்கியின் குண்டு ஓசையை முந்திக்கொண்டு செல்வதால், அதற்கு முன்னே மானுக்கு இந்தச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. இதனால்தான் வில்வேடர் நாணின் அதிர்வை அடக்க மென்மயிர்க் குஞ்சங்களை அதில் கட்டுகிறார்கள். அவையும் ஓசையைக் குறைக்குமேயன்றி ஒழிக்கமாட்டா. தவறிய அம்புகளில் ஒரு பகுதி எய்தவனின் குற்றமே அன்று என்பதைக் கற்றுக்கொள்வதும், அந்தப் பகுதியைத் தன் குற்றத்துக்குச் சாக்காக வைத்துக்கொள்ளாமலிருப்பதும் இந்தக் கல்வியில் சேர்ந்தவை.

இனி, எய்பவனின் சித்தத்துக்கு வருவோம். ஜெர்மன் வேடர்கள் ‘யாக்ட்ஃபீபர்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். வேட்டைக் காய்ச்சல் என்று பொருள். மாதக்கணக்கில் பழகியவன், மான் புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவுடன், நெஞ்சு படபடக்க, விரல்கள் நடுங்க, பார்வை ஒரு குழாய்க்குள் அடங்கியது போலக் குறுக, கற்றதையெல்லாம் மறந்துவிடுகிறான். அட்ரினலின் சுரந்து உடலை ஓட்டத்துக்கும் போராட்டத்துக்கும் ஆயத்தப்படுத்துகிறது; பெருந்தசைகளுக்கு அது நன்மை செய்யும், மூன்று விரல்களின் நுண்ணிய தளர்ச்சிக்கோ கேடே செய்யும். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்கர் எலிகளைக்கொண்டு நடத்திய சோதனைகளில், எளிய பாடத்தை விரைவில் கற்பிக்கும் வலிய தூண்டுதலே கடினமான பாடத்தைக் கெடுக்கிறது என்று கண்டார்கள். நாணை விடுவது பார்வைக்கு எளிதாயினும் கடினமான பாடங்களின் வரிசையைச் சேர்ந்தது.

வில்லாளிகளின் மற்றொரு நோய்க்கும் ஜெர்மன் மொழியில் காய்ச்சல் என்றே பெயர்: ‘கோல்ட்ஃபீபர்’, பொற்காய்ச்சல். இலக்குப் பலகையின் நடுவில் உள்ள மஞ்சள் வட்டமே இங்கே பொன். இந்நோய் கண்டவனால் வில்லை அந்த மஞ்சளின்மேல் நிலைநிறுத்த முடியாது. சிலருக்கு, வில் மஞ்சளை நெருங்கும்போதே கை தன்னிச்சையாக நாணை விட்டுவிடும். சிலருக்கு, மஞ்சளுக்குச் சற்றுக் கீழே கை கல்லாய் உறைந்துவிடும், எவ்வளவு முயன்றாலும் மேலே ஏறாது. முதல்நாள் பயில்பவனுக்கு இது வருவதில்லை. ஆயிரக்கணக்கான அம்புகளை எய்தவனுக்கே வருகிறது. ஓயாமல் எழுதுகிறவர்களின் எழுத்துப் பிடிப்பு, வாத்தியக்காரர்களின் விரல் முடக்கம் ஆகியவற்றோடு இதை ஒப்பிடுகிறார்கள். இசைமேதை ராபர்ட் ஷூமன் வலக்கை விரல் ஒன்று இணங்காமல் போனதால் பியானோ வாசிப்பைத் துறந்தாரே, அதுவும் இவ்வகை முடக்கமே என்று கருதும் மருத்துவர்கள் உண்டு. இதற்குப் பயிற்சியாளர் சொல்லும் பரிகாரம் விசித்திரமானது: குறியையே அகற்றிவிடு என்கிறார்கள். வைக்கோல் கட்டுக்கு முன்னால் மூன்று அடி தொலைவில் நின்று, கண்களை மூடிக்கொண்டு, எங்கே படுகிறது என்ற எண்ணமே இல்லாமல், விடுதல் என்ற ஒரு செய்கையை மட்டும் வாரக்கணக்கில் பழக வேண்டும். தவறுதல் என்பதே இல்லாத ஓர் இடத்தில் கையை மறுபடியும் நடக்கக் கற்பிப்பது போன்றது அது.

இதனோடு நினைவுக்கு வருகிறவர் ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகல். 1920களில் ஜப்பானின் செந்தாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் போதித்துக்கொண்டிருந்தபோது, ஆவா கென்சோ என்ற ஆசானிடம் வில்வித்தை பயின்று, அந்த அனுபவத்தை 1948இல் சிறு நூலாக வெளியிட்டார். உலகமெங்கும் அது பரவிற்று. அதன் மையத்தில் நிற்கும் தொல்லை வேறொன்றும் அன்று, நாணை விட முடியாமையே. விடுமுறையொன்றில் விரலைத் தந்திரமாகத் தளர்த்தும் உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து ஆசானிடம் எய்து காட்டியதாகவும், அவர் ஒன்றும் சொல்லாமல் வில்லை வாங்கி வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டதாகவும் ஹெரிகல் எழுதியிருக்கிறார். அந்நூலை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. முக்கியமான சில உரையாடல்கள் மொழிபெயர்ப்பாளர் உடனில்லாதபோது, ஒருவர் மொழி மற்றவருக்குச் சரிவரப் புரியாத நிலையில் நிகழ்ந்தவை என்பதை யமதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அகந்தையை அழிப்பது பற்றி அழகாக எழுதிய அதே ஹெரிகல் நாஜிக் கட்சியில் உறுப்பினராயிருந்தார் என்பதும் சரித்திரம். ஆனால் ஆசானின் கோபம் எனக்கு உண்மையென்றே படுகிறது. விரல் உபாயத்தால் அம்பு குறியில் பட்டது. மாணவன் தன் பயம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அதைக் கடந்துவிட்டான்.

அம்பு இலக்கைச் சேரும் முன்பே அது தவறிவிட்டது என்று தெரிந்துவிடும் எனத் தேர்ந்த வில்லாளிகள் கூறுவர். இதைக் கர்வப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில், மிஹாயேல் ஃபால்கன்ஷ்டைனும் அவருடைய சகாக்களும் மனிதர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, விரைந்து பொத்தானை அழுத்தும் வேலையைக் கொடுத்தபோது, தவறான பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும், அழுத்தி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு கழிவதற்குள், நெற்றிக்கு நேர் மேலே ஒரு மின் அலை தாழ்ந்து எழுவதைக் கண்டார்கள். தவறு என்று பிறர் சொல்வதற்கு முன்பே, மூளை தன் உத்தரவையும் கை செய்த காரியத்தையும் ஒப்பிட்டு அறிந்துகொள்கிறது. பொத்தானில் கண்டதை அப்படியே வில்லுக்கு ஏற்றிவிடலாகாது, எனினும் 0.36 வினாடி பறக்கும் அம்பு வழியில் இருக்கும்போதே எய்தவன் முகம் சுருங்குவதைக் கண்டவர்களுக்கு இந்த ஆராய்ச்சி ஆச்சரியமளிக்காது.

தவறை உணர்வது ஒரு கணத்தின் காரியம். அதன்பின் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஜெர்மன் வேடர் சமூகம் பல நூற்றாண்டுகளாகத் தேடிக் கண்ட விடைதான் என்னை இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது. அதை ஹெஸ்ஸன் மாநிலத்துக் காடொன்றில் நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வேட்டைத் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஓர் இளைஞன், முதல் பருவத்திலேயே, அந்தி மயங்கும் வேளையில் பரணிலிருந்து ஒரு ரே மானைத் துப்பாக்கியால் சுட்டிருந்தான். மான் துள்ளி ஓடிக் காட்டுக்குள் மறைந்துவிட்டது. டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தான்; ஒரு துளி இரத்தமும் இல்லை. தவறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது வெட்கமா ஆறுதலா என்று எனக்குப் புரியவில்லை. தவறிவிட்டது என்றால் மானுக்கு ஒன்றும் இல்லை, கதை முடிந்தது. ஆனால் கதையை அப்படி முடித்துக்கொள்ள அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. சுட்ட ஒவ்வொரு குண்டும் பட்டதாகவே கொள்ள வேண்டும், படவில்லை என்பதைச் சுட்டவன்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அவர்களுடைய தர்மம். காயம்பட்ட பிராணியைத் தவிர்க்கக்கூடிய வேதனையிலிருந்து தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்று வேட்டைச் சட்டமும் கட்டளையிடுகிறது.

மறுநாள் விடியலில் நாய்க்காரர் வந்தார். அவருடைய நாய் ஹனோவர் இனத்தது; தொங்கும் செவிகளும், கருஞ்செம்மை நிறமும், கவலை தோய்ந்த நெற்றிச் சுருக்கமும் உடையது. இந்த நாய்களுக்கு ‘ஷ்வைஸ்’ நாய் என்று பெயர். ஷ்வைஸ் என்றால் வழக்கில் வியர்வை. வேடர் மொழியிலோ அது இரத்தம். 1894இல் இவ்வினத்தைக் காக்கவென்றே எர்ஃபுர்ட் நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது என்றால், தவறிய குண்டுக்குப் பின்னால் செல்வதை அந்த நாட்டார் எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். நாயைச் சற்றுத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, நாய்க்காரர் மான் நின்ற இடத்தில் முழந்தாளிட்டார். ‘அன்ஷுஸ்’ என்பார்கள் அந்த இடத்தை. அங்கே அவர் செலவிட்ட நேரம் கால் மணிக்குக் குறையாது. புல்லை விரல்களால் கோதிக் கோதிப் பார்த்தார். நான்கைந்து மயிர்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, இவை உதிர்ந்தவை அல்ல, குண்டு அறுத்தவை என்றார். பின்பு ஒரு பெரணி இலையின் அடிப்புறத்தை வெள்ளைக் காகிதத்தால் ஒற்றினார். காகிதத்தில் கடுகளவு ஒரு கறை படிந்தது; சிவப்பு அல்ல, கரும்பழுப்பு. நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் நுரைத்து வெளிறிச் சிவந்திருக்கும். வயிற்றில் பட்டிருந்தால் பச்சைநிற இரை கலந்திருக்கும். இது ஈரல் என்றார். விளக்கு வெளிச்சத்தில் இளைஞனின் கண்ணுக்குப் புலப்படாமல் போனது இந்தக் கடுகுதான்.

நீண்ட தோல்வாரில் நாயைக் கட்டி, அந்தப் பெரணியைக் காட்டினார். அது மூக்கைத் தாழ்த்திற்று. அதன்பின் தலையை உயர்த்தவே இல்லை. இரத்தம் இல்லாத இடங்களிலும் அது தயங்கவில்லை. மானின் குளம்புப் பிளவில் உள்ள சுரப்பி ஒவ்வோர் அடியிலும் தரையில் வாசனையை விட்டுச் செல்கிறது, காயம்பட்ட ஒரு மானின் அடிச்சுவட்டை மற்ற மான்களின் சுவடுகளுக்கிடையே பிரித்தறிவதற்கே இந்த நாய் குட்டிப் பருவத்திலிருந்து பழக்கப்பட்டிருக்கிறது. பழக்குகிறவர்கள் காலணியின் அடியில் மான் குளம்புகளைப் பொருத்திக்கொண்டு காட்டில் நடந்து சுவடு பதித்துவிட்டு, ஓர் இரவு கழிந்தபின் நாயைக் கொண்டுவருவார்களாம். ஏறத்தாழ முந்நூறு காலடிக்குப் பிறகு, முட்புதரொன்றின் உள்ளே, அந்த மான் இறந்து கிடந்தது. இரவே இறந்திருக்க வேண்டும்.

நாய்க்காரர் ஓர் ஓக் கிளையை ஒடித்து அதன் ஒரு துண்டை மானின் வாயில் வைத்தார். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். இன்னொரு சிறு கொம்பைக் காயத்தில் தோய்த்துத் தம் தொப்பியின்மேல் வைத்து இளைஞனிடம் நீட்டினார். வேட்டை முடிந்ததற்கான மரியாதை அது. அவன் வாங்கத் தயங்கினான். பிறகு வாங்கி, அதிலிருந்து ஒரு பகுதியைக் கிள்ளி, குனிந்து, நாயின் கழுத்துப்பட்டையில் செருகினான். அதுவும் மரபே என்று பின்னர் அறிந்தேன். ஆனால் மரபு அவனுக்கு நினைவிருந்து அவன் அதைச் செய்யவில்லை என்பது அவன் கைகள் நடுங்கிய விதத்தில் தெரிந்தது.

படைச்செருக்கைப் பாடிய வள்ளுவர், முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலையே உயர்த்திப் பேசினார். போர்க்களத்து வீரனுக்கு அது பொருந்தும். அவனுடைய துணிவே அவனுக்குப் புகழ். காட்டில் தவறியவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. தவறின் பலனைச் சுமந்துகொண்டு ஓடுவது வேறொரு ஜீவன்.

1927இல், பெர்லின் பல்கலைக்கழகத்தில், கூர்ட் லெவினின் மாணவியான புளூமா செய்கார்னிக் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறுசிறு வேலைகள் பலவற்றைக் கொடுத்து, சிலவற்றை முடிக்கவிட்டும், சிலவற்றைப் பாதியில் தடுத்தும், இறுதியில் என்னென்ன வேலைகள் செய்தீர்கள் என்று கேட்டார். முடிந்தவற்றைக் காட்டிலும் பாதியில் நின்றவற்றை அவர்கள் ஏறக்குறைய இருமடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். பின்வந்தவர்கள் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது எல்லாருக்கும் இதே விளைவு கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் குறி தவறியவர்களின் தூக்கமற்ற இரவுகளைப் பற்றிக் கேட்டிருப்பவர்களுக்கு, முடியாத காரியம் மனத்தை விட்டு அகலாது என்ற கருத்து அந்நியமாக இராது. மறந்துவிடு, அடுத்த தடவை பட்டுவிடும் என்று சொல்கிற நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த இளைஞனுக்கு அவ்வாறு சொல்லியிருந்தால், இரத்தம் இல்லாத புல்லை அவன் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது அவன் கண்முன்னே ஓர் ஈரல் இருக்கிறது. குண்டு ஒரு சாண் பின்னால் போயிற்று என்பது தெரிந்துவிட்டது. துயரம் குறையவில்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை பிறந்துவிட்டது. அவன் மறுவாரமே சுடுதளத்துக்குச் சென்று, பரணில் உட்கார்ந்தபடி விசையை இழுப்பதை மட்டும் பயின்றுகொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தேடி எடுக்கப்படாத அம்புகளின் கதையும் ஜெர்மனியிலேயே இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவிச் சென்றதை வன்பரணர் பாடி வைத்தார். புலவர்களின் ஞாபகத்தில் பட்ட அம்புகளே தங்குகின்றன. படாத அம்புகளை ஞாபகம் வைத்துக்கொண்டது ஓர் ஏரியின் சேறு.

ஹாம்பர்க் நகருக்கு வடகிழக்கே அரென்ஸ்பர்க் என்ற ஊரை ஒட்டி, பனியுகத்துப் பனிப்பாளங்களின் அடியில் பெருக்கெடுத்த நீர் குடைந்த நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. ஆல்ஃபிரெட் ரூஸ்ட் என்பவர் மின்சாரத் தொழிலாளி. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். 1930இல் சைக்கிளிலேயே கிழக்கு நோக்கிப் புறப்பட்டுச் சிரியா வரையில் சென்று, அங்கே யப்ரூத் என்ற இடத்தில் கற்காலக் குகைகளைக் கண்டு அகழ்ந்த அபூர்வ மனிதர். அவரே 1930களின் நடுவில், இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்டெல்மோர் என்ற இடத்தில், பண்டைய ஏரியின் சேற்றைத் தோண்டினார். துருவ மான்களின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றினிடையே பைன் மரத்தில் செதுக்கிய அம்புக் கோல்கள், 100க்கும் மேற்பட்டவை, கிடைத்தன. வயது ஏறத்தாழ 11,000 ஆண்டுகள். வில்லும் அம்பும் வழக்கில் இருந்தன என்பதற்கு இவ்வளவு தெளிவான இவ்வளவு பழைய மரச் சாட்சியம் உலகில் அதுவரை கிடைத்ததில்லை.

அம்புகள் இரண்டு துண்டுகளால் ஆனவை. முன்துண்டும் பின்துண்டும் கவைபோல வெட்டி ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன; முனை முறிந்தாலும் நீண்ட பின்கோல் பிழைத்துக்கொள்ளும். பைன் மரத்தின் வைரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நார் ஓடும் வழியிலேயே சீவி, அடியில் நாண் பொருந்தும் பள்ளத்தை வெட்டியிருந்தார்கள். ஓர் அம்பைச் செய்ய ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அதை இழப்பது அவனுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதும் விளங்கும். இலையுதிர்காலத்தில் இடம்பெயரும் மான் கூட்டங்கள் அந்த ஏரிக்கரையை நெருங்கும்போது வேடர்கள் எய்திருக்கிறார்கள். எலும்புகளில் முறிந்து புதைந்திருந்த சிக்கிமுக்கிக் கல் முனைகளின் கோணங்களை போடில் பிராட்லண்ட் என்ற டேனிஷ் ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். சில முனைகள் பக்கவாட்டில், மார்பை நோக்கி, நிதானமாக எய்யப்பட்டவை. சில பின்னாலிருந்து, ஓடுகிற அல்லது நீந்துகிற மானின்மீது, அவசரத்தில் எய்யப்பட்டவை. யாக்ட்ஃபீபர் அந்த வேடர்களுக்கும் இருந்திருக்கும் என்று எண்ண எனக்குப் பிரியமாயிருக்கிறது.

குறி தவறி நீரில் விழுந்தவையும், காயம்பட்ட மான் சுமந்து சென்று ஏரியில் உதிர்த்தவையுமாக அந்த அம்புகள் சேற்றில் அமிழ்ந்தன. குளிர்ந்த நீரில் இறங்கி அவற்றைத் தேடுவது ஆகாத காரியமாயிருந்திருக்கும். கரையில் விழுந்தவை எடுக்கப்பட்டுத் திரும்பவும் எய்யப்பட்டு, என்றோ முறிந்து, அடுப்பில் எரிந்து போயிருக்கும். சேற்றில் காற்றுப் புகாததால் மரம் மக்காமல் இருந்தது. ரூஸ்ட் அவற்றை ஈரத்தோடு வெளியே எடுத்து, படமெடுத்து, வரைந்து, அளந்து வைத்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அவற்றில் பெரும்பாலானவை எரிந்துவிட்டன. கல்முனை தைத்த எலும்புகளும், ரூஸ்டின் புகைப்படங்களும், அந்தக் கவைப் பொருத்தத்தைக் கோட்டுக்குக் கோடு காட்டும் அவருடைய வரைபடங்களும் எஞ்சியிருக்கின்றன.